நீங்கதானே சார் சொன்னீங்க

மேலாளரிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால், அது அவருடைய யோசனைதான் என்று அவரையே நம்ப வைத்துவிடுவேன்.

லிட்டில் இந்தியாவிலுள்ள எங்கள் சமையல்கூடத்திலிருந்து முதியோர் இல்லங்களுக்கு மதியச் சாப்பாடு போகும். வேன் ஓட்டுவது நான். முதலில் ஆங் மோ கியோ இல்லம், பிறகு தொலைவிலுள்ள பாசிர் ரிஸ் இல்லம் என்பதுதான் வழக்கம். என் வீடு ஆங் மோ கியோவில். கடைசி நடை அங்கே முடிந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். அதனால், "பாசிர் ரிஸ்ஸுக்கு முதல்ல போகலாம்னு போன வாரம் நீங்கதானே சார் சொன்னீங்க," என்றேன். சற்று யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

முதல் நாளே நெரிசலில் மாட்டிக்கொண்டேன். ஆங் மோ கியோ இல்லத்தில் சர்க்கரை நோயாளி ஒருவர் பசியில் மயங்கி விழுந்துவிட்டார். முதலாளி சத்தம் போட்டபோது மேலாளர், "என் முடிவுதான் சார்," என்றார். நான் பாத்திரம் அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அத நான் எப்போ சொன்னேன்? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல லா. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."



மறுநாளிலிருந்து அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. யார் எது சொன்னாலும் எழுதிக்கொள்கிறார். நான் போய் நின்றால், "ஏதாச்சும் மறந்துட்டேனா?" என்கிறார். இல்லை என்கிறேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் தினமும் அவர் முன்னால் போய் நிற்கிறேன்.