சின்ன மணி

நம்பினால் நம்புங்கள். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

மாதா கோயிலில் மணியடித்து வந்த பசிலியோ தாத்தா செத்துப்போனார். துக்கம் கேட்க, நான் பிறந்த சான் ரொக்கே கிராமத்துக்கு ஒன்பது வருடம் கழித்துப் போனேன். ஆற்றுக்கு அக்கரையில் என் வீடு. கணவர் தியோனியும் ஏழு மாதப் பிள்ளை இஸ்கோவும் அங்கே.

கிளம்பும்போது தாத்தாவின் பேத்தி குளோரிங் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"நேரா வீட்டுக்குப் போயிடாத மேனிங். செத்தவரு பின்னாலயே வந்துருவாரு. கைப்பிள்ளை இருக்கு. வழியில எங்கயாவது உட்கார்ந்து அவரை உதறிட்டுப் போ."

"தெரியும்க்கா. நான் என்ன நேத்துப் பொறந்தவளா?"

மாலை 5.40. புகையிலை வயல்களுக்கு நடுவில் பழைய கோயில். பூகம்பத்தில் கூரை போய்விட்டது. பூசையெல்லாம் இப்போது புதுக்கோயிலில். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சின்ன வயதில் இங்கேதான் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கினேன். புளியங்காய் திருடினால் தாத்தா கயிற்று நுனியால் விரட்டுவார். பெரியவர்கள் இறந்தால் பெரிய மணி அடிப்பார். குழந்தை இறந்தால் சின்ன மணி. அழுகை வந்துவிட்டது.

மெழுகுவர்த்தி அணைந்த வாசனை...

யாருமில்லை.

மணிக்கூண்டுக்குக் கீழே கயிறு ஆடியது. வெளியே ஒரு புகையிலை இலைகூட அசையவில்லை.

5.58. கயிறு விறைத்தது.

டிங்...

சின்ன மணி.

ஐயோ, என் பிள்ளை!

ஓடினேன். டிங்... டிங்... ஆற்றங்கரை வரைக்கும் சத்தம் கூடவே வந்தது.

ஆற்றைத் தாண்டி வந்தபோது வீட்டு வாசலில் தியோனி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அசந்து தூங்கிட்டேன்டி. மணிச்சத்தத்துல முழிச்சேன். தலகாணி பிள்ள மூஞ்சி மேல கிடந்துச்சு. உதடெல்லாம் நீலம்... இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா..."

இஸ்கோ வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

மறுநாள் அடக்கத்துக்குப் போனபோது அக்காவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! உதற உனக்கு வேற இடமே கிடைக்கலையா? நாப்பது வருஷம் அவரு படுத்துக் கிடந்த இடமாச்சே அது!"

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சின்ன மணியா? பூகம்பத்துக்கு அடுத்த வாரமே மணியையும் கயித்தையும் இறக்கிட்டாங்களே. புதுக்கோயில் கிடங்குல கிடக்கு."

பெட்டியை மூடும் நேரம். தாத்தாவின் கையில் சுற்றியிருந்த ஜெபமாலையை அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் வீட்டில் அடுத்த சாவு விழும். அக்கா கத்தரிக்கோலோடு குனிந்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

நானும் எட்டிப் பார்த்தேன்.

நேற்று விரல்களில் இறுகச் சுற்றியிருந்த மாலை, மணிக்கட்டுக்கு நழுவிக் கிடந்தது. இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. அதில் கயிற்று நார் ஒட்டியிருந்தது.