மூன்றாவது கசெட்

என் பேரனின் முதலாவது பிறந்தநாள் சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடைபெற்றது. எழுபதைக் கடந்த என் தாய்மாமன் நடு மண்டபத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்து, தமது இளமைக்காலத்து ஆங்கிலப் பாட்டுகளைக் கைத்தொலைபேசியில் தேடித் தருமாறு பிள்ளைகளைக் கேட்டார். தேடிக் கொடுத்தார்கள். நெஞ்சை உருக்கும் மெல்லிய பாட்டொன்று முடிந்து, மின்கிற்றார் அலறும் பாட்டு தொடங்கியதும் அவர் தொடையில் தாளம் போட்டார். வந்திருந்தோர் கைதட்டினர். நான் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்விட்டேன். முதியவர் ஒருவரின் சிறு மகிழ்ச்சியைப் பொறுக்காதவள் என்று என் மருமகன்கூட நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். அந்தப் பாட்டுகளின் மீது நான் கொண்ட கோபத்துக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதன் காரணம் இடையில் ஒருமுறை மாறியது; கோபம் மாறவில்லை.

எனக்குப் பதினொரு வயதாயிருக்கையில் அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். எங்கள் ஊரான தேற்றாத்தீவில் அவருக்குச் சீதனமாக வந்த ஓலை வீட்டின் அருகே ஒரு கல்வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. ஆகவே அந்தச் சுவர்கள் என் பெயரைச் சொல்லியே உயர்ந்தன. யன்னல் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டன. அம்மா வெளிநாடு போவதென்று தீர்மானித்தவர் மாமா. முகவரைக் கண்டுபிடித்தவரும், படிவம் நிரப்பியவரும், விமான நிலையம்வரை அழைத்துச் சென்றவரும் அவரே. வாவியில் இறால் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கையெழுத்திடும் இடத்தை மட்டும் காட்டினார்கள்.

அம்மாவுக்கு எழுத்து வராது. ஆகவே கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்பினார். முதலாவது கசெட்டுடன் அதைப் போட்டுக் கேட்கும் ரேடியோப் பெட்டியும் வந்தது. அம்மாவின் குரலைக் கேட்க அயலவர் எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். எனக்கு எண்ணெய் வைத்தார்களா, தம்பி இன்னும் மண் தின்கிறானா, கொல்லையில் முருங்கை தழைத்ததா என்று அவர் ஒவ்வொன்றாக விசாரித்தார். கேட்டு முடிந்ததும் மாமா கசெட்டின் முதுகுப்புறத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே இரண்டு சிறிய பிளாஸ்டிக் தகடுகள் இருந்தன. கத்தி முனையால் நெம்பி இரண்டையும் உடைத்தார்.

"இனி இதுக்கு மேல ஒருத்தராலயும் வேற ஒண்டும் பதிய ஏலாது, மருமகள். பதியிற பொத்தான் கீழ போகாது" என்றார்.

அம்மாவுக்கும் அதைச் சொல்லி அனுப்பினார். இரண்டாவது கசெட் தகடுகள் உடைக்கப்பட்டே வந்து சேர்ந்தது.

மாமா மட்டக்களப்புப் பட்டினத்தில் போர்த்துக்கீசர் வழிவந்த ஒரு பறங்கித் தச்சரின் பட்டறையில் வேலை செய்தார். அந்தத் தச்சரிடம் கிற்றாரும் இசைத்தட்டுகளும் இருந்தன. அவற்றுள் ஒன்றின்மீது மாமாவுக்குப் பித்துப் பிடித்திருந்தது. குதிரையேறி மாடு மேய்க்கும் வெள்ளைக்காரரின் பாட்டுகள் அவை என்று விளக்கினார். சில பாட்டுகள் தாலாட்டைப்போல் இழையும். சில, கிற்றாருக்குப் பேய் பிடித்ததுபோல் ஆடும். மாமா வாயால் பாடிக் காட்டியதைக் கேட்டுவிட்டு, அடுத்த வளவில் எருமை வளர்த்தவர், "மச்சான், இத எண்ட எருமைக்குப் போட்டுக் காட்டிராத. இருக்கிற பாலும் நிண்டு போகும்" என்றார். மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. அவற்றில் ஒரு பாட்டின் கருத்தை எங்களுக்குத் தமிழில் சொன்னார். தூர தேசத்தில் அகப்பட்ட ஒருவன், என்னை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று கெஞ்சுகிறானாம். சொல்லும்போதே மாமாவின் கண்கள் கலங்கின. இதை வாசிப்பவர்கள் அந்தக் கண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கசெட் வந்த செய்தி அப்பாவுக்குச் சந்தையில் கிடைத்தது. குவைத்திலிருந்து அதைக் கொண்டுவந்த காத்தான்குடி வியாபாரி, பத்து நாட்களுக்கு முன்பே பட்டறையில் மாமாவிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை மாமா வந்தபோது முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர் கசெட்டை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். வெற்றுக் கசெட் என்று எண்ணித் தச்சரின் இசைத்தட்டு முழுவதையும் அதில் பதிந்துவிட்டதாகவும், பிழை தம்முடையதே என்றும் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

அப்பா கசெட்டைப் பெட்டிக்குள் போட்டு ஓடவிட்டார். எங்கேயாவது ஓரிடத்தில் அம்மா மிஞ்சியிருக்கலாம் அல்லவா? அதற்காக நாங்கள் எல்லோரும் அந்தப் பாட்டுகள் அத்தனையையும் கேட்டோம். உருக்கமான பாட்டு, பிறகு அலறும் பாட்டு, மீண்டும் உருக்கமான பாட்டு. ஒவ்வொன்றும் முடிந்து அமைதி வரும்போதெல்லாம் முற்றம் மூச்சை அடக்கியது. ஒவ்வொரு முறையும் கிற்றார்தான் வந்தது. இறுதிப் பாட்டின் அலறல் ஓய்ந்து, 'டக்' என்று ஓர் ஓசை கேட்டது. பிறகு அம்மாவின் குரல் பாதியில் தொடங்கியது.

"...பிள்ளையளுக்கும் சொல்லு தம்பி. வைக்கிறன்."

அவ்வளவே.

தம்பி என்று அம்மா அழைத்தது மாமாவை. எங்களுக்கு என்ன சொல்லச் சொன்னார் என்று அவரைக் கேட்டேன். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னதாக உடனே பதில் வந்தது. வெற்றுக் கசெட் என்று நினைத்தவருக்கு அதில் இருந்தது எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு அறிவு போதவில்லை. கோபம் மட்டும் போதுமான அளவு இருந்தது. ஆட்கள் கலைந்ததும் கசெட்டைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் ஓடினேன். அதன் முதுகுப்புறத்தில் இரண்டு துவாரங்களிலும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் மடித்துத் திணிக்கப்பட்டு, மேலே ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருந்தது. உடைந்த ஒன்றைப் பழுதுபார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். உள்ளே இருந்த நாடாவை உருவி உருவிக் கிடுகு வேலி நெடுகச் சுற்றி, வெறும் கூட்டை வாவிக்குள் எறிந்தேன். மாட்டுக்காரர் பாட்டுக்காக என் தாயின் குரலைத் தின்றவரை வேறெவ்வாறு தண்டிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மாமா பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கவில்லை, அடிக்கவுமில்லை. வெளிநாட்டுச் சாமானை நாசமாக்கியதற்காக அப்பாதான் இரண்டு அடி போட்டார்.

அம்மா திரும்பிவர மேலும் மூன்று ஆண்டுகள் சென்றன. முன்கையில் ஒரு நீண்ட தழும்பு இருந்தது. அயன்பெட்டி தவறி விழுந்தது என்றார். வீடு முழுமையாகிவிட்டிருந்தது. என்னோடு அவர் அளவாகவே பேசினார். பிரிவினால் வந்த பழக்கம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

நெடுங்காலத்தின் பின், என் மகள் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்த ஆண்டில், மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார்: "போகட்டும். ஆனா அவள் கூப்பிட்டா ஆராவது போகோணும். என்னைப்போல விட்டிராதயுங்க."

அப்போதுதான் மூன்றாவது கசெட்டில் இருந்ததை அறிந்தேன். அந்த வீட்டில் அடிக்கிறார்கள், அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள், கடவுச்சீட்டைப் பறித்துவிட்டார்கள், முகவரைப் பிடித்து என்னை எப்படியாவது கூட்டிப் போங்கள், கல்வீடு வேண்டாம் என்று அம்மா அதில் சொல்லியிருந்தார். நாங்கள் அதைக் கேட்கவேயில்லை, அதன்மேல் மாமா பாட்டுப் பதிந்துவிட்டார் என்றேன். அம்மா வெட்டிய மீனை நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நல்ல பாட்டா அது, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மாமாவிடம் போனேன். அவர் மறுக்கவில்லை. "அக்கா இடையில வந்திருந்தா உனக்கு இந்த வீடு ஏது, மருமகள்?" என்றார். அம்மா இறந்த பின்பும் அதையே சொல்கிறார், அதே வீட்டில் அமர்ந்து, நான் ஊற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டு.

அவர் அஞ்சினார் என்பது எனக்கு விளங்குகிறது. அனுப்பிவைத்தவர் என்ற பழி வரும், முகவரின் வாசலில் தனியே நிற்க வேண்டும் என்றெல்லாம் அஞ்சியிருப்பார். அச்சத்தை என்னால் மன்னிக்க முடியும். என்னால் மன்னிக்க முடியாதது அந்த வெள்ளித்தாள். பதியும் பொத்தானை அவர் அழுத்தியபோது அது கீழே போகவில்லை. ஓர் இயந்திரம்கூட மாட்டேன் என்று நின்றிருக்கிறது. அவர் நிதானமாகத் தாளைத் தேடி, மடித்து, தகடுகள் இருப்பதாக இயந்திரத்தை ஏமாற்ற இரண்டு துவாரங்களையும் அடைத்து, ஒட்டுநாடா ஒட்டி, மீண்டும் அழுத்தியிருக்கிறார். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சும் வெள்ளைக்காரனின் குரலை, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சிய தம் அக்காவின் குரலுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. நாடாவை உருவி எறிந்த அடுத்த வாரம், அம்மாவுக்குப் பதில் கசெட் அனுப்பினோம். குரல் அழிந்த செய்தி தெரிந்தால் அம்மா அழுவார், ஆகவே எல்லாம் கேட்டதாகச் சொல் என்று மாமா எனக்குப் படிப்பித்தார். அவரோடு கோபமாயிருந்த நான், அம்மாவை எண்ணி உடன்பட்டேன். பெட்டியின் முன் சம்மணமிட்டு அமர்ந்து, பாடசாலையில் ஒப்புவிப்பதைப்போல் தெளிவாகச் சொன்னேன்.

"அம்மா, நீங்க சொன்னதெல்லாம் கேட்டம். எல்லாரும் சந்தோசமா இருக்கம்."

மாமா படிப்பித்தது அவ்வளவுதான். என் சுயபுத்தியில் நானும் கொஞ்சம் சேர்த்தேன்.

"வரக்குள்ள எனக்குச் சிவப்புச் சப்பாத்து ஒரு சோடி கொண்டு வாங்கம்மா. அவசரமில்ல. ஆறுதலா வாங்க."

மாமா கசெட்டை எடுத்துத் திருப்பி, கத்தி முனையால் இரண்டு தகடுகளையும் நெம்பி உடைத்தார். நான் பேசியதை இனி ஒருவராலும் அழிக்க முடியாது என்று எனக்கு ஒரே பெருமை.