மர வரிசைக்கு நடுவே

எதைப் பார்த்தாலும் ‘ஏன்’ என்று கேட்காவிட்டால் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. ஊரில் அவளுக்கு ஏனக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் கணவன் வாடகைக்கு டிராக்டர் ஓட்டி உழுபவன். வாய் இருந்தும் பேசாத பிறவி.

ஒரு நாள் மேட்டு நிலத்துக்காரர் தன் நிலம் முழுக்கத் தேக்குக் கன்று நட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நட்டார்கள். அன்று சாப்பிடும்போது கணவனே வாய் திறந்தான்.

"எல்லாரும் மரம் வெச்சுட்டா உழவுக்கு யாரு கூப்பிடுவா? நம்ம பொழப்புல மண்ணுதான்."

"ஏன் வெச்சாராம்?"

"கொழுப்பு. வேறென்ன?"

ஊரும் அப்படித்தான் பேசிக்கொண்டது. அவளுக்கு அது மனசில் ஒட்டவில்லை. விடிந்ததும் நேரே மேட்டு நிலத்துக்கு நடந்தாள். அவர் முழங்காலைத் தடவியபடி வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே, நல்லா வெளையுற மண்ணாச்சே. மரத்த வெச்சுட்டீங்களே?"

"களையெடுக்க ஆள் கெடைக்கல தங்கச்சி. எனக்கோ முட்டி மடங்க மாட்டேங்குது. சும்மா போட்டா வித்துடுங்கன்னு பையன் நச்சரிக்கிறான். மரம் நின்னா, விக்காம இருக்க ஒரு சாக்கு."

அவள் கன்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நடுவுல எதுக்கு இவ்ளோ எடம்?"

"மரம் பெருத்தா வேணும்ல?"

"பெருக்குற வரைக்கும்?"

அவர் மெல்ல எழுந்து, இரண்டு வரிசைக்கு நடுவே அடி வைத்து அளந்தார்.

அந்தப் பருவத்திலேயே அவளும் கணவனும் வரிசைகளுக்கு நடுவே கடலை விதைத்தார்கள். உழைப்பு இவர்களுடையது; விளைச்சலில் அவருக்கும் பங்கு. உழும்போது டிராக்டர் ஒரு கன்றைச் சாய்த்துவிட்டது. முட்டிவலிக்காரர் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மரம் வைத்த மற்ற இருவரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் தன் நிலத்தையும் இவர்களிடமே விட்டார். இன்னொருவர், "உழுதா மர வேருக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மரங்கள் தலைக்கு மேலே வளர்ந்தன. நிழல் கூடக்கூட, கடலைச் செடி சோனியாகிப் போனது. நிழலில் வரும் என்று இஞ்சி வைத்துப் பார்த்தாள். தண்ணீர் தேங்கிய பக்கம் அழுகியது. மற்ற பக்கம் தேறியது. அதுவரைக்கும் லாபம் என்று அவள் சலித்துக்கொள்ளவில்லை.

ஒரு மாலை கணவன் தங்கள் சிறிய வயலைச் சுற்றி நடந்துவிட்டு வந்து மெல்ல இழுத்தான்.

"நம்ம வரப்போரமா நாலு கன்னு வெச்சா என்ன?"

அவள் முறத்தை ஓரமாக வைத்தாள்.

"வைக்கலாம். தேக்கு வேணாம். நெழல் கம்மியா விழுற மரமா விசாரிப்போம், வா."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.