வாய்ப்பில்லை வாத்தியார்

கல்லூரியில் நிகழ்தகவுக் கணக்கு நடத்துகிற அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'வாய்ப்பில்லை வாத்தியார்'. சும்மா வைக்கவில்லை. மழை வருமா என்று கேட்டாலும் பேருந்து வருமா என்று கேட்டாலும் மனிதர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். வேற்று உலகத்தில் உயிர் உண்டா என்று யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் போச்சு, கையிலிருக்கும் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது.

"வெறும் மண்ணும் தண்ணியும் சேர்ந்து உயிராகறது லேசுப்பட்ட காரியமா? இங்க ஒரு தடவை நடந்துச்சு, சரி. ஒரே ஒரு தடவை நடந்ததை வச்சு என்ன கணக்குப் போடறது? நடக்காத இடத்துல கேள்வி கேக்கவே ஆள் இருக்காதே. இத்தனை வருஷமா வானத்துல காதை வச்சுக் கேக்கறாங்க, ஒரு முனகல்கூட இல்லை. அங்க யாரும் இல்லை, அவ்வளவுதான்."

அவரை மடக்க வீட்டில் ஒரே மகன் இருந்தான். ஒருநாள் ஈரத்தலையோடு சாப்பிட வந்து உட்கார்ந்தான்.

"ஏம்பா, இவ்வளவு நேரம் கூப்பிட்டீங்களே, நான் பதில் சொன்னேனா? பதில் இல்லைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமா? குளிச்சுக்கிட்டுகூட இருக்கலாம்ல?"

"இதெல்லாம் ஒரு வாதமாடா" என்று வாத்தியார் தள்ளிவிட்டார். அம்மாதான் சிரித்து மாய்ந்தாள்.

அந்த மகன் சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலைக்குப் போனான். புயலில் கப்பல் கவிழ்ந்தது. சிலரை மீட்டார்கள். உயிர்காப்புப் படகு ஒன்றில் அவன் ஏறியதைப் பார்த்ததாகத் தப்பி வந்த சமையல்காரர் சொன்னார். அந்தப் படகில் ரேடியோவும் இருந்ததாம். அன்றிலிருந்து வாத்தியாரும் மனைவியும் துறைமுக ரேடியோ அறையின் வாசலிலேயே கிடந்தார்கள்.

இன்று சாயங்காலத்தோடு தேடலை நிறுத்துகிறோம் என்று அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். மனைவி வாத்தியாரின் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க வாயால அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் சொல்லவில்லை. ஆனால் குடிதண்ணீர், குளிர், அலை என்று மண்டைக்குள் கணக்கு தன்பாட்டுக்கு ஓடியது. நிறுத்த வழி தெரியவில்லை. படித்த படிப்பின் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

எழுந்து உள்ளே போனார். ரேடியோவின் முன்னால் இருந்த பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு தடவை கூப்பிடும்மா."

"கூப்பிட்டுக்கிட்டேதான் சார் இருக்கோம். பதிலே இல்லை."

"பதில் இல்லைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமில்லைம்மா."

"வேற என்ன சார் இருக்க முடியும்?"

வாத்தியார் வாயைத் திறந்தார்.

"குளிச்சுக்கிட்டு இருப்பான்" என்றார். "குளிக்கப் போனா அவன் எப்பவுமே லேட்டாத்தான் வருவான்."

கதவோரம் நின்றிருந்த மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் கழற்றியதை மறுபடி மாட்டிக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.