ராம்கலி மாற்றிக் கொடுத்த லல்லா

எங்கள் மதுரா சந்தில் யாராவது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதென்றால், முதலில் லல்லாவை எங்கே விடுவது என்றுதான் யோசிப்பார்கள். லல்லா என்றால் வீட்டுக்கு வீடு இருக்கும், கையில் வெண்ணெய் உருண்டையோடு தவழும் பித்தளைக் கண்ணன். பூஜை செய்து உட்காரவைத்த நாள் முதல் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், தூங்கவைக்க வேண்டும். பூட்டிய வீட்டில் அவனைப் பட்டினி போட்டால் அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கும் விடாது. அதனால் ராம்கலியிடம் விட்டுப் போவார்கள்.

ராம்கலி என் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் போய் இருபது வருஷம், பிள்ளை இல்லை. அவளை மலடி என்று வாய் கூசாமல் சொன்ன அதே பெண்கள்தான் லல்லாவை அவள் மடியில் வைத்துவிட்டு ரயிலேறுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

போன மார்கழியில் அவளிடம் ஒன்பது லல்லாக்கள் இருந்தார்கள். அன்றைக்குப் பனியில் எதிர்ச் சுவர்கூடத் தெரியவில்லை. ஒவ்வொருவராகக் குளிப்பாட்டுகிறவள், பிள்ளைகள் நடுங்குமே என்று அவசரப்பட்டு, எல்லார் கம்பளிச் சட்டையையும் ஒன்றாகக் கழற்றி ஒரே தாம்பாளத்தில் வெந்நீர் ஊற்றினாள். மதியம் ஹரித்வாரிலிருந்து திரும்பிய பெரிய வீட்டு மிதிலேஷ், தன் லல்லாவின் சிவப்புச் சட்டை போட்டிருந்தவனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ராம்கலி என்னிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, கெட்டேன்! பிரேம்வதியோட லல்லாவுக்கு இடது முழங்கால் தேஞ்சிருக்கும். இங்க இருக்கறவனுக்குத் தேயவே இல்ல. சட்டைய மாத்திப் போட்டு, மிதிலேஷ் அம்மாகிட்ட ஆளையே மாத்திக் குடுத்துட்டேன்."

பிரேம்வதியும் எங்கள் சந்துக்காரிதான்; அவள் ஒரே மகன் லோகேந்தர் டெல்லி ஆஸ்பத்திரியில் கிடந்தான், அவள் அவனோடு இருந்தாள். மூளையில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். தினமும் போனில் அவள் கேட்பது ஒன்றுதான்: "லல்லா சாப்பிட்டானா?" இங்கே இவன் வயிறு நிறைந்தால்தான் அங்கே அவன் பிழைப்பான் என்று நம்பினாள். நானும் நம்பினேன், பொய் சொல்வானேன்.

இருவரும் மிதிலேஷ் வீட்டுக்கு ஓடினோம். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"வளத்தவளுக்குத் தெரியாதா? சட்டைய அவுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றாள்.

"அப்ப குடுத்துடுங்கம்மா. உங்க லல்லா எங்கிட்ட பத்திரமா இருக்கான்," என்றாள் ராம்கலி.

"நேத்து இவன் படியேறினான். இன்னிக்கு எம் மருமக முழுகாம இருக்கான்னு டாக்டர் சொல்லிட்டா. பதினோரு வருஷம், ராம்கலி! தானா வந்தவன எப்படித் துரத்துவேன்?"

"சொந்தப் பிள்ளைய விட்டுக்குடுக்கறீங்களே, நெஞ்சு பதறல?" என்று நான் கத்தினேன்.

"அவனுக்குப் பதினோரு வருஷம் ஊட்டினேன். என்ன செஞ்சான்?" ராம்கலியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "வெளிய போய்ச் சொல்லு. அப்புறம் எவ உங்கிட்டப் பிள்ளைய விடறான்னு பாப்போம்."

கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பிரேம்வதியின் போன் வந்தது.

"டாக்டர் கையெழுத்துக் கேட்டு நிக்கறார். பாயசம் வெச்சு என் லல்லாவுக்கு ஊட்டு. அவன் சாப்பிட்டான்னு நீ சொன்னாத்தான் போடுவேன்."

ராம்கலி என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் பிரேம்வதி கையெழுத்துப் போட மாட்டாள். மிதிலேஷ் வீட்டு லல்லாவின் வாயில் பாயசத்தைத் தொட்டு வைத்துவிட்டு ராம்கலி சொன்னாள்: "சாப்பிட்டான். ரெண்டு கரண்டி."

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. போன் அடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள், நான்தான் எடுப்பேன்.

லோகேந்தர் பிழைத்துவிட்டான். மூன்று வாரம் கழித்து, மொட்டைத் தலையில் கட்டோடு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ராம்கலி வீட்டு வாசலில் இறங்கினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்தேன், முட்டாள்.

பிரேம்வதி லல்லாவை எடுத்து மடியில் வைத்தாள். முகத்தைப் பார்த்தாள், இடது முழங்காலை விரலால் தடவினாள். பிறகு அவனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தோளில் இருந்த மகனின் கையை விலக்கினாள்.

"ராம்கலி," என்றாள், "எம் புள்ள எங்க?"