ஆடறேன், பேசமாட்டேன்

அந்த மென்பொருள் இன்றைக்கு வரைக்கும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. புரியாமலே நான்கு ஞாயிற்றுக்கிழமை அதில் ஆட்டம் நடத்தியிருக்கிறேன் என்பதுதான் வெட்கக்கேடு.

வெளிநாடுகளில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டுகளை, ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி கம்ப்யூட்டரில் ஆடுவதற்காகச் செய்தது அது. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். படம் போடுவார், காய் வைப்பார், மற்றவர்களுக்கு லிங்க் அனுப்புவார். வில்லியனூரில் நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஸ்டுடியோவில், கூட வேலை செய்கிறவர் அதில் பூதங்களை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் தாயக்கட்டம் போடத் தோன்றியது.

காரணம் அம்மாவும் அக்காவும். அக்கா வாழ்க்கைப்பட்டது சொல்தா வீட்டில். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த குடும்பங்களை எங்கள் பாகூர் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணமாகி பிரான்சுக்குப் போய்விட்டாள். அப்பா இறந்தபோது அவளுடைய குடியிருப்பு அட்டை புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது. கிளம்பி வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எடுப்புக்கும் வரவில்லை, கருமாதிக்கும் வரவில்லை. அம்மாவுக்கு அட்டையாவது ஒன்றாவது. அன்றைக்கு நிறுத்திய பேச்சு, பதினோரு மாதமாக நின்றது நின்றதுதான்.

அப்பாவின் முதல் வருஷ தெவசம் நெருங்கியது. அட்டையும் அக்கா கைக்கு வந்துவிட்டது. ஆனால் வாசலில் வந்து நிற்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்தாள். "ஒரே ஒரு வார்த்த எங்கிட்ட பேசட்டும்டி. அன்னிக்கே டிக்கெட் போட்டுடறேன்" என்று என்னிடம் போனில் அழுவாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளமாக இருந்தேன்.

அம்மா எதற்கு மசியாவிட்டாலும் தாயத்துக்கு மசிவாள். அக்காவுடன் ஆட்டம் என்று சொன்னதும் முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆடறேன். பேசமாட்டேன்."

சரி என்று உட்கார்ந்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கட்டம் வரைவதில் கஷ்டமில்லை, அது என் தொழில். பகடைதான் வம்பு. தாயக்கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு வெறும் பக்கம். அங்கே வெறும் பக்கமே கிடையாது. கடைசியில் நாலு பக்கப் பகடை இரண்டை எடுத்து, நாலு விழுந்தால் வெறுமை என்று வைத்துக்கொண்டோம். திரையில் உருளும் பகடையை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எங்க உருட்டறேன், அதுவா உருட்டுது" என்று பித்தளைக் கட்டைகளை சிமெண்ட் தரையில்தான் உருட்டினாள். அக்கா அங்கே திரையில் உருட்டினாள்.

மென்பொருளில் மூன்று அடுக்குகள் இருந்தன. ஆல்பம் வேலையில் அடுக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பின்னணி ஒரு அடுக்கு, பெண் ஒரு அடுக்கு, மாப்பிள்ளை ஒரு அடுக்கு. அப்போதுதான் ஒன்றை நகர்த்தும்போது இன்னொன்று கூட வராது. அதே பழக்கத்தில் கட்டத்தை ஒன்றிலும் அக்காவின் காய்களை இன்னொன்றிலும் அம்மாவின் காய்களை மூன்றாவதிலும் வைத்தேன். அம்மாவின் காய்கள் மட்டும் என் திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தன. வித்தியாசம் தெரிவதும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு மணி வரை ராகு காலம். அது கழிந்த பிறகு ஆட்டம். கேமரா கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். என் பக்கத்தில் சம்மணம் போட்டு, லேப்டாப் திரையில் விரலை வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒவ்வொரு கட்டமாக எண்ணுவாள். எண்ணி முடித்த இடத்தில் நான் காயை நகர்த்த வேண்டும். அக்காவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள். "அவள சீக்கிரம் ஆட சொல்லு." அக்காவுக்குக் கேட்கும், ஆனாலும் நான் திருப்பிச் சொல்வேன்.

ஆட்டத்தில்தான் ஏதோ சரியில்லை. எதிராளியின் காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போய், காயை நடுவில் ஏற்றிப் பழம் எடுக்கலாம் என்பது விதி. அக்கா வெட்டவே இல்லை. வெளிக்கட்டத்திலேயே செக்குமாடாகச் சுற்றினாள். இரண்டாவது வாரம் ஒரு முறை அவளுக்கு வெட்டு விழுந்தது. அம்மா உச் கொட்டினாள். எனக்கு வாயைத் திறக்கத் தைரியமில்லை. சத்தமில்லாமல் அம்மாவின் காயை எடுத்து ஆரம்பத்தில் வைத்தேன். அக்காவும் மூச்சு விடவில்லை. வெட்டிய பிறகும் உள்ளே நுழையாமல் மறுபடி சுற்றினாள்.

"வெட்டனவ உள்ள போவாம இன்னாத்துக்கு சுத்துறா?" என்றாள் அம்மா. எனக்கும் விளங்கவில்லை. விதி மறந்துவிட்டதா, அவள் நெட் கோளாறா, மனசு சரியில்லையா, ஒன்றும் தெரியாமல் மூன்று வாரமும் அம்மா ஜெயிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வாரம் அக்காவின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் அம்மாவின் காய் நின்றது. அக்காவுக்கு மூன்றே விழுந்தது. அவள் வேறொரு காயை நகர்த்தினாள். அடுத்த சுற்றிலும் மூன்று. அப்போதும் வேறு காய்.

அம்மா கட்டைகளைத் தரையில் வைத்தாள். "விட்டுக் குடுக்கிறாளா எனக்கு? இந்தப் பிச்ச ஆட்டம் எனக்கு வோணாம். அவளாண்ட சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஏண்டி. மூணாங் கட்டத்துல எங்காயி நிக்கிது. கண்ணு தெரியலயா ஒனக்கு?"

அக்காவின் குரல் வந்தது.

"தெரியலம்மா."

"இன்னாது தெரியல?"

"உன் காயி. மொத நாள்லேந்தே தெரியல. வெறுங் கட்டமும் என் காயிங்களும்தான் இருக்குது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்கா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"அம்மாதான் மறைக்க சொல்லிச்சோன்னு நெனச்சேன். மூஞ்ச காட்டல, பேசல. காயயும் காட்ட வோணாம்னு சொல்லியிருக்கும்னு இருந்துட்டேன்."

"காயே தெரியாம இன்னாத்துக்குடி ஆடுன?" என்று கேட்டாள் அம்மா. குரலில் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"நீ எண்றது கேக்குதில்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு பட்டனாகத் தட்டினேன். அந்த மூன்றாம் அடுக்கு, ஆட்டத்தை நடத்துகிறவர் தன் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி பொறிகளையும் பூதங்களையும் ஒளித்து வைப்பதற்காம். அதில்தான் நான் என்னைப் பெற்ற தாயை உட்கார வைத்திருந்தேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். ஆறு காய்களையும் தேர்ந்தெடுத்து அடுக்கு மாற்றினேன்.

"வந்துடுச்சு" என்றாள் அக்கா. "எல்லாம் வந்துடுச்சும்மா."

அம்மா கட்டைகளை எடுத்து உருட்டினாள். ஐந்து. திரையில் விரலை வைத்து, எப்போதும் எண்ணுவதைவிடச் சத்தமாக, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி எண்ணினாள். ஐந்தாவது கட்டத்தில் அக்காவின் காய் நின்றது. அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை.

"வெட்டிட்டியாம்மா?" அக்கா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"தெவசத்துக்கு இன்னும் பத்தொம்போது நாளு கெடக்குது" என்றாள் அம்மா. "வந்து, இங்க தரையில ஒக்காந்து வெட்டு."