பன்னிரண்டு மாதக் காத்திருப்பு

என் கணவரின் அக்கா மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்து இளைப்பாறியவர். கல்யாணம் செய்யவில்லை. இரண்டு பெட்டிகளோடு விமான நிலையத்தில் இறங்கி, தம்பியைக் கட்டிப்பிடித்து அழாமல், "உன்ர தலைமயிர் எங்கயடா போட்டுது?" என்றுதான் முதலில் கேட்டார். அவரை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். அதற்கு முன் எங்கள் கல்யாணத்தன்று ஒருநாள்தான் பார்த்திருந்தேன்.

நாங்கள் அப்போது கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடியும் இடத்திலிருந்து கால் மணி நேர நடையில், புதிதாகக் கட்டிய செங்கல் வீடு ஒன்றில் இருந்தோம். பிள்ளைகள் இல்லை. கணவர் பொறியியலாளர். நான் நகரத்தில் ஒரு அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை செய்தேன். பின்பக்க அறையை மச்சாளுக்கு ஒதுக்கினோம். பகல் முழுவதும் அவர் தனியாகத்தான் இருப்பார். நாங்கள் வேலை முடிந்து வரும்போது சமையல் முடிந்திருக்கும், குசினி துடைத்திருக்கும். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து அன்றைய பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

அவருடைய ஓய்வூதியம் இலங்கையில் வங்கியில் கிடந்தது. அந்தக் காலத்தில் அதை நாட்டுக்கு வெளியே எடுக்க விடமாட்டார்கள். இங்கே முதியோருக்குக் கொடுக்கும் பென்சனும் அதோடு வரும் மருத்துவ அட்டையும் பத்து வருடம் இந்த நாட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான். ஒரு முத்திரை வாங்குவதென்றாலும் தம்பியிடம் கேட்க வேண்டும். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

வந்து நாலாவது மாதம் என்று நினைக்கிறேன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, தனக்கு மருத்துவக் காப்புறுதி ஒன்று எடுக்க வேண்டும் என்றார். கணவர் சிரித்தார்.

"அக்கா, இஞ்ச அரசாங்க ஆசுபத்திரியில சும்மாவே பாப்பாங்கள்."

"அது தெரியும். அதுக்கு மேல எடுக்கிறது ஒண்டு இருக்கெல்லோ. அதைத்தான் கேக்கிறன்."

இருந்ததுதான். அந்த வருடங்களில் மருத்துவத் திட்டம் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தது. ஒரு அரசாங்கம் கொண்டு வந்ததை அடுத்த அரசாங்கம் பிரித்து வேறு மாதிரிப் பின்னியது. அலுவலகத்தில் வெள்ளைக்காரர்களே தேநீர் நேரத்தில் அதைப்பற்றிக் குழம்பிக்கொண்டிருப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், அரசாங்கத் திட்டம் மட்டும் இருந்தால் பொது வார்டில் கட்டில் கிடைக்கும், ஆசுபத்திரி நியமிக்கும் வைத்தியர் பார்ப்பார். மேலதிகமாகத் தனியார் காப்புறுதி எடுத்தால் வைத்தியரை நாமே தெரிவு செய்யலாம், இரண்டு கட்டில் அறையோ தனி அறையோ கிடைக்கும். இன்னும் கொஞ்சம் கட்டினால் மூக்குக்கண்ணாடி, பல் எல்லாம் வரும். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் அம்புலன்சுக்குத் தனிச் சந்தா.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நகரத்தில் நாலு நிறுவனங்களுக்கு நடந்து, அவர்களுடைய சிறு புத்தகங்களை வாங்கி வந்து கொடுத்தேன். எல்லாவற்றின் அட்டையிலும் ஒரு நரைத்த தம்பதி கடற்கரையில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மச்சாள் மூன்று நாள் படித்தார்.

"இவையெல்லாம் ஒரே விசயத்தை வேற வேற பேரில சொல்லினம்," என்றார் நாலாம் நாள். "ஒருத்தன்ர 'ஏ' திட்டம் மற்றவன்ர மூண்டாம் திட்டம். ஆக்களைக் குழப்பத்தான் இப்பிடி எழுதியிருக்கினம்."

வரவேற்பறையில் ஒட்டியதுபோக மிஞ்சிய சுவர்க்கடதாசிச் சுருள் ஒன்று கராஜில் கிடந்தது. அதில் ஒரு முழ நீளம் வெட்டி, வெள்ளையான பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டார். குறுக்கே நாலு நிறுவனங்கள், நெடுக்கே கேள்விகள். வைத்தியரைத் தெரிவு செய்யலாமா? தனி அறை எத்தனை நாளைக்கு? சத்திரசிகிச்சை செய்பவருக்கு எவ்வளவு தருவார்கள்? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? பல்லும் மூக்குக்கண்ணாடியும் கடைசி வரிசையில் இருந்தன. பலருக்கு அதுதான் முதலில் வரும். இதை நான் வெகுகாலம் கழித்துத்தான் யோசித்தேன். அன்றைக்கு அந்த எழுத்தின் அழகைத்தான் பார்த்தேன்.

ஒரு கட்டம் மட்டும் நிரம்பவில்லை. "ஏற்கெனவே உள்ள நோய்" என்று எல்லாப் புத்தகத்திலும் ஒரு பந்தி இருந்தது. அதன் பொருள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. நேரே போய்க் கேட்க வேண்டும் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை நான் அரைநாள் லீவு எடுத்தேன். மச்சாள் தனியாக ரயிலேறி வந்தார். மழை. சேலைக்கு மேல் என்னுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, ஃபிளிண்டர்ஸ் ஸ்ரீட் நிலையத்தின் படிக்கட்டில், அந்த மடித்த கடதாசியை நனையவிடாமல் அணைத்துப் பிடித்தபடி நின்றார்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். மச்சாளின் சேலையைப் பார்த்ததும் ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகப் பேசத் தொடங்கினாள். மச்சாள் அவள் முடிக்கும்வரை இருந்துவிட்டு, திருத்தமான ஆங்கிலத்தில் கேட்டார். சேருமுன்னே ஒருவருக்கு நோய் இருந்தது என்பதை யார் தீர்மானிப்பது?

"எங்கள் வைத்தியர், மேடம்."

"நோயாளிக்கே தெரியாமல் இருந்திருந்தால்?"

அந்தப் பெண் உள்ளே போய் ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் சொன்னார், முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் வந்தால்தான் அந்தக் கேள்வி எழும். பன்னிரண்டு மாதம் கழிந்துவிட்டால் எதுவானாலும் நாங்கள் கட்டுவோம். மச்சாள் பென்சிலை எடுத்து, கவுண்டர் மேலேயே கடதாசியை விரித்து, அந்தக் கட்டத்தை நிரப்பினார்.

அன்று ரயிலில் திரும்பும்போது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். யன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே," என்றார். "சேந்து ரெண்டு மூண்டு மாசத்தில ஒரு ஆளுக்கு ஏதும் வருத்தம் எண்டு வை. அப்ப என்ன செய்யிறது?"

எனக்குக் களைப்பு. காலில் சப்பாத்து நனைந்து ஊறியிருந்தது.

"அவசரமில்லாத வருத்தமெண்டால் டொக்டரிட்டப் போகாமல் இருக்க வேண்டியதுதான், மச்சாள். போனால் முன்னமே இருந்த வருத்தமெண்டு எழுதிப்போடுவினம். வருசம் முடியட்டும், பிறகு போகலாம்."

"ஓம், அதுதான் புத்தி," என்றார்.

இவ்வளவுதான் நடந்தது. இந்த நாலு வரியை எத்தனை தடவை எனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. "ஏன் கேக்கிறீங்கள்?" என்ற இரண்டு சொல் என் வாயில் வரவில்லை.

தனி அறையும் விருப்பமான வைத்தியரும் தரும் திட்டத்தைத் தெரிவு செய்தார். கணவர் மாதாமாதம் சந்தா கட்டினார். அக்கா இங்கே வந்தும் பழைய கணித ரீச்சராகவே இருக்கிறா என்று அவருக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வருகிற நண்பர்களுக்கு அந்தக் கடதாசியை விரித்துக் காட்டுவார். தங்கள் பெற்றோரைக் கூப்பிடக் காத்திருந்த இரண்டு பேர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த ஒரு வருடத்தில் நான் கண்டவை சில உண்டு. கொல்லையில் உடுப்புக் காயப்போடும் கம்பியை எவ்வளவு கீழே இறக்கலாமோ அவ்வளவு பதித்துத் தரச் சொன்னார். வயது போய்விட்டது என்று நினைத்தேன். மேல் தட்டிலிருந்த அரிசி டின் கீழ்த் தட்டுக்கு வந்தது. கோடையிலும் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். ஒருநாள் பின்னாலிருந்து விளையாட்டாக அவர் தோளைப் பிடித்தபோது, அடிபட்டவர்போல விலகினார். "நாரிப்பிடிப்பு," என்றார். இடுப்பிலிருக்கும் நாரிக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. வைத்தியரிடம் காட்டுவோமா என்று மட்டும் கேட்டேன்.

"தேவையில்லை. எண்ணெய் பூசினால் போம்."

பன்னிரண்டு மாதம் முடிந்த மறுநாள் காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில், மச்சாள் குசினி வாசலில் வந்து நின்றார்.

"எனக்கொரு பொம்பிளை டொக்டரைப் பாக்க வேணும். தம்பிக்கு இப்ப சொல்ல வேண்டாம்."

நண்பர் ஒருவரின் மனைவி மூலம் ஒரு பெண் வைத்தியரைக் கண்டுபிடித்தேன். நான்தான் காரோட்டிக் கூட்டிப் போனேன். திரைக்குப் பின்னால், நானும் கூட நிற்க, மச்சாள் மேற்சட்டையைக் கழற்றினார். வைத்தியர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். இடது மார்பு ஒரு பக்கமாக இழுத்துச் சுருங்கியிருந்தது. தோல் ஓரிடத்தில் வெடித்திருந்தது. அதன்மேல் மச்சாள் வெள்ளைத் துணி ஒன்றை நாலாக மடித்து ஒட்டியிருந்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார் வைத்தியர்.

"இரண்டு கிழமை," என்றார் மச்சாள், கண்ணை எடுக்காமல்.

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

திரும்பி வந்து காரில் ஏறினோம். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை.

"எப்ப கண்டனீங்கள், மச்சாள்?"

"வந்து மூண்டாம் மாசம். குளிக்கேக்க. ஒரு பட்டாணி அளவுதான்."

"அப்ப அந்தப் புத்தகமெல்லாம் படிச்சது..."

"பின்னை என்னத்துக்கு?"

நான் அழத் தொடங்கினேன். அவர் அழவில்லை. கைப்பையைத் திறந்து, கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்துத் தந்தார்.

"அரசாங்க ஆசுபத்திரியில அண்டைக்கே காட்டியிருக்கலாமே, சும்மா பாத்திருப்பாங்களே."

"பக்கத்து வீட்டு மனுசி சொன்னவ. அங்க டொக்டருக்குப் படிக்கிற பெடியள் பத்துப் பேர் சுத்தி நிண்டு பாப்பாங்களாம். ஒவ்வொருத்தனாத் தொட்டுப் பாப்பாங்களாம். என்னால ஏலாது, பிள்ளை. அதோட, தனி டொக்டரிட்டப் போறதெண்டால் தம்பிதானே வீட்டுக் கடனோட கடனா எல்லாத்தையும் கட்ட வேணும்." கைப்பையை மூடிவிட்டு, "நீரும் வருசம் முடியட்டும் எண்டு தானே சொன்னனீர்," என்றார்.

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. தான் தனியாக எடுத்த முடிவில்லை என்று ஆறுதல் தேடுகிற மாதிரித்தான் சொன்னார். குற்றம் சாட்டியிருந்தாலாவது நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு எல்லாம் அவர் கடதாசியில் எழுதியிருந்தபடியே நடந்தது. தனி அறை. யன்னலுக்கு வெளியே ஒரு மரம். சத்திரசிகிச்சை செய்ததும் ஒரு பெண்தான். தேடிக் கண்டுபிடித்தோம். ஒரு தாதி மட்டும் வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் காயத்தின் கட்டை மாற்றுவாள். எந்த மாணவனும் எட்டிப் பார்க்கவில்லை. நிறுவனம் ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாவற்றையும் கட்டியது. நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. மார்பை எடுத்தார்கள், கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். அவர்கள் செய்தது எல்லாம் வலியைத் தள்ளிப்போடத்தான் என்று வைத்தியர் என் கணவரிடம் சொன்னபோது, அவர் அதை விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கிக்கொள்ள விரும்பவில்லை.

ஒருநாள் மச்சாளுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். "நல்ல அறை, என்ன?" என்றார். ஓம் என்றேன். "தம்பி கட்டினது வீண்போகேல்லை." மேலும் ஒரு கரண்டி கொடுத்தேன். விழுங்கவில்லை, கடைவாயால் வழிந்தது.

அடுத்த குளிர்காலத்தில், ஓகஸ்டில், இறந்தார். எரித்த அன்று இருபது பேர்தான் வந்தார்கள். அப்போது இந்த நகரத்தில் எங்களவர்கள் அவ்வளவுதான். கணவர் ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னார். "அக்காவுக்கு ஒரு குறையும் விடேல்லை. இதைவிட நல்ல பராமரிப்பு இந்த நாட்டில இல்லை." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ரயிலில் நடந்த பேச்சை அவருக்குச் சொல்ல அன்றும் வாய் வரவில்லை, பிறகும் வரவில்லை. பட்டாணி அளவாக இருந்ததை அக்கா கண்டிருந்தார் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

மச்சாள் போன மறு வருடம் எனக்கும் மார்பில் ஒரு நோவு. பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல், பொது ஆசுபத்திரிக்கே போனேன். செவ்வாய்க்கிழமைகளில் பெண்களுக்கென்று ஒரு கிளினிக் வைத்திருந்தார்கள். பார்த்தவர் ஒரு பெண் வைத்தியர். உதவிக்கு ஒரு தாதி, வேறு ஒருவரும் இல்லை. மாணவர்கள் வரலாமா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன், சரி என்று எழுதிக்கொண்டார்கள். காசும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

படிவத்தை நிரப்பும்போது, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று தாதி கேட்டாள். கணவரின் அக்காவுக்கு என்றேன்.

"இரத்த உறவில்லையே, அப்படியானால் கணக்கில்லை," என்று சொல்லி, இல்லை என்று குறித்துக்கொண்டாள்.